முதல் இடம் சிவப்புத் தொப்பிக்காரருக்கு

“ஏனுங்க, சொல்றனேன்னு கோவிச்சுக்காதீங்க. உங்க பொண்ணோட இங்கிலீசு நம்ம லைன்ல ஏழாவதுங்க.”

மாமா இதை என் அப்பாவிடம் சொன்னபோது நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். எட்டாம் வகுப்பில் இங்கிலீஷில் முதல் மதிப்பெண் வாங்கியதற்குப் பள்ளியில் கொடுத்த சோப்புப் பெட்டி என் கையில் இருந்தது. சிங்காநல்லூர் பக்கம் எங்கள் மில் கட்டிக்கொடுத்த லைன் வீடுகள் அறுபது. அந்த அறுபது வீட்டிலும் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் மொத்தமே ஏழு பேர். ஏழாவது என்றால் கடைசி. ஆறாவது இடத்தில் இருந்தவர் மில் கேட்டில் நிற்கும் வாட்ச்மேன். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் ‘ஹால்ட்’ என்ற ஒரே சொல்.

“வாட்ச்மேனுக்கும் கீழயா மாமா நானு?” என்று கேட்டுவிட்டேன்.

“அவருக்குத் தெரிஞ்சது ஒரே வார்த்தை அம்மணி. அதைத் தப்பில்லாமச் சொல்றாரு. நீ நெறையச் சொல்ற. நெறையத் தப்பாச் சொல்ற.”

நான் சோப்புப் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். அப்பாவுக்கோ ஒரே சந்தோஷம். அவர் ப்ளோரூமில் பஞ்சு உடைக்கிறவர். சம்பள நாளில் கட்டைவிரலை நீட்டுகிறவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான்தான். தன் மகள் ஒரு வரிசையில் இடம்பிடித்துவிட்டாள் என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது. அன்று சாயங்காலம் அம்மாவிடம், “நம்ம புள்ள ஏழாவதாமா!” என்று அவர் பெருமையாகச் சொன்னதை நான் மன்னிக்கப் பல வருஷம் ஆயிற்று.

இப்படி வரிசை போடுவதுதான் மாமாவின் வழக்கம். மாமா என்று கூப்பிட்டோமே தவிர உறவு கிடையாது. பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் டிபார்ட்மெண்டில் ஹெட் ஃபிட்டர். எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருந்தார். பெயரை இங்கே எழுதவில்லை. அவரிடம் ஏழாவது இடம் வாங்கியவர்கள் இன்னும் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஒல்லியான மனிதர். காக்கி அரைக்கால் சட்டை, தோளில் எண்ணெய் படிந்த துண்டு, இடது கையில் மோதிர விரல் பாதிதான். மீதியைக் கார்டிங் மிஷின் எடுத்துக்கொண்டது. யாரையும் அவர் ஒருமையில் திட்டியதில்லை, குரலை உயர்த்தியதில்லை, பெரியவர்களிடம் சொல்லுக்குச் சொல் ‘ங்க’ போடாமல் பேசியதில்லை. அத்தனை மரியாதையோடும் எதிரே நிற்பவரின் முகத்துக்கு நேராக அவருடைய இடத்தைச் சொல்லிவிடுவார். வசவாக இருந்தால் திருப்பித் திட்டலாம். இதற்கு என்ன செய்வது?

அவிநாசியில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் பெண்ணின் அப்பா நின்றுகொண்டு, “சாப்பாடு எப்படிங்க?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் பிரமாதம் என்றார்கள். இவர் வாயைத் துடைத்துக்கொண்டு, “நல்லாருந்துச்சுங்க. இந்த வைகாசில நான் சாப்பிட்ட கல்யாணச் சாப்பாட்டுல அஞ்சாவதுங்க” என்றார்.

“அப்படிங்களா! எத்தனை கல்யாணத்துக்குப் போனீங்க?”

“அஞ்சுங்க.”

பம்புசெட் வாங்கப் போகிறவர்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் அவருக்குத் தெரியாமல் போவார்கள். சாமியையும் அவர் விட்டுவைக்கவில்லை. மலைக்கோயில்களில் பழனிக்கு முதல் இடம், மருதமலைக்கு இரண்டாவது. யாரோ கன்னத்தில் போட்டுக்கொண்டு, “அப்படியெல்லாம் பேசலாமுங்களா?” என்றதற்கு, “சாமி ஒண்ணுதானுங்க. படிக்கட்டுத்தான் வேற வேற” என்றார்.

வீட்டில் அத்தையின் ரசத்துக்கு மூன்றாவது இடம். அத்தை தெலுங்கு பேசுகிற குடும்பத்திலிருந்து வந்தவள். நாக்கு மட்டும் எந்த மொழியிலும் கூர்மை.

“ஏமண்டி, முன்னால இருக்கற அந்த ரெண்டு பேரு யாருன்னு சொல்லுங்க. நாளையிலிருந்து தூக்குப்போசி எடுத்துக்கிட்டுப் போயி அவங்க ஊட்டுலயே வாங்கியாறேன்.”

“மொதலாவது எங்கம்மா. ரெண்டாவது நீதான். போன வருசம் தை நோம்பிக்கு வெச்சியே, அந்த ரசம்.”

அத்தை பாத்திரத்தை நங்கென்று வைத்தாள்.

ஆனால் இந்த வரிசைகளெல்லாம் அவருக்குச் சில்லறை வேலை. அவர் மனசார, ராப்பகலாக யோசித்து வைத்திருந்த வரிசை ஒன்றே ஒன்றுதான். பிரிட்டனில் பிறந்த ஸ்பீட்வே மோட்டார்சைக்கிள் பந்தய வீரர்களில் எல்லாக் காலத்துக்கும் சிறந்தவர்கள் யார் யார் என்பது. கோயமுத்தூர் ஜில்லாவில் அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை.

நான் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் மில் நிர்வாகம் அவரைப் புதுக் கார்டிங் மிஷின்களைப் பூட்டக் கற்றுவருவதற்காக மான்செஸ்டர் பக்கத்து ஊர் ஒன்றுக்கு எட்டு மாதம் அனுப்பியது. போகும்போது எலுமிச்சை ஊறுகாய் ஜாடி இரண்டு கொண்டுபோனார். வரும்போது ஓவர்கோட் ஒன்றும், ஸ்பானர் செட் ஒன்றும், இந்தப் பைத்தியமும் கொண்டுவந்தார். தங்கியிருந்த வீட்டுத் துரைசானி உருளைக்கிழங்கு வேகவைப்பதில் முதலாவது என்று சொல்வார். “வேற எதையும் வேகவெக்காததால அதுல போட்டி இல்லீங்க” என்பார். அந்தத் துரைசானியின் மகன் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் இவரை ஒரு மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். அங்கேதான் ஸ்பீட்வே பார்த்தார்.

வட்டமான பாதை. மண்ணுக்குப் பதில் கரிச்சாம்பல் கொட்டியிருக்கும். ஒரு ஓட்டத்துக்கு நாலு பேர், நாலு சுற்று. மோட்டார்சைக்கிளில் பிரேக் கிடையாது. கியரும் ஒன்றே ஒன்று. எப்போதும் இடது பக்கமாகவே திரும்ப வேண்டும். வளைவில் வண்டியைச் சறுக்கவிட்டு, இரும்புத் தகடு கட்டிய இடது காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு போவார்கள்.

இதை அவர் சொல்லும்போதெல்லாம் ஸ்டோர் கிளார்க் சிரிப்பார். அவர் எங்கள் லைனில் இங்கிலீஷில் இரண்டாவது இடம்.

“பிரேக் இல்லாம எடது பக்கமே சுத்தறதுக்கு இங்கிலாந்து எதுக்குங்க? நம்மூருச் செக்குமாடு அதைத்தான பண்ணுது.”

“செக்குமாடு சறுக்கறதில்லீங்க.”

சறுக்குவது எப்படி என்று காட்டவும் காட்டினார். மில் பாய்லர் சாம்பலைக் கொட்டும் திடல் லைனுக்குப் பின்னால் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் சைக்கிளில் இரண்டு பிரேக்கையும் கழற்றினார். எண்ணெய் டின்னை வெட்டி இடது செருப்பின் அடியில் கட்டினார். மொத்த லைனும் கூடிவிட்டது. முதல் சுற்று போனார். இரண்டாவது சுற்றில் வளைவில் காலைத் தேய்த்தார், டின் தகடு கிரீச்சென்று கத்தியது, எல்லோரும் கைதட்டினோம். மூன்றாவது சுற்றில் சைக்கிள் அவரை விட்டுத் தனியாகப் போனது. அவர் சாம்பல் திடலைத் தாண்டி, பாயில் காய்ந்துகொண்டிருந்த அத்தையின் வடகத்தின் மேல் போய் நின்றார். நின்றார் என்பது மரியாதைக்குச் சொல்வது.

“எத்தனாவதுங்க?” என்று அத்தை இடுப்பில் கை வைத்துக் கேட்டாள்.

முட்டியிலிருந்து வடகத்தைப் பிய்த்தபடி, “நான் ஒருத்தன்தான ஓட்டுனேன். கடைசிதான்” என்றார்.

மற்றவராக இருந்தால் முதலாவது என்றிருப்பார்.

அவருடைய வரிசை வீட்டுக் கதவின் பின்பக்கம் சாக்கட்டியில் எழுதியிருந்தது. ஐந்து பேர். நான்காவது பாதிரியார், ஐந்தாவது பல்லுக்காரர். இந்த இருவரும் துரைசானி கிறிஸ்துமஸுக்கு அனுப்புகிற பத்திரிகைகளில் படமாக வந்தவர்கள். முகத்தைப் பார்த்து இவர் பெயர் வைத்துவிட்டார். இவருக்குத் தமிழ் வாசிக்க வரும். இங்கிலீஷில் மிஷின் மேல் இருக்கும் எழுத்துகளும் எண்களும் மட்டும் தெரியும்.

முதல் மூன்று இடங்கள் அவர் நேரில் பார்த்தவர்களுக்கு. சிவப்புத் தொப்பிக்காரர், நீலத் தொப்பிக்காரர், வெள்ளைத் தொப்பிக்காரர். கண்ணாடியும் முகத்துணியும் சாம்பலுமாக முகம் தெரியாது, தொப்பியின் நிறம்தான் அடையாளம்.

சிவப்புத் தொப்பிக்காரரைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிடும். “ஒரு சாயங்காலத்துல பத்துப் பன்னெண்டு ஓட்டம் ஓட்டுவாருங்க. களைப்பே கிடையாது. வண்டிமேல உக்காந்தா ஆளு ஒரு நேரம் குட்டையாத் தெரிவாரு, ஒரு நேரம் நெட்டையாத் தெரிவாரு. அப்படி ஒடம்பை வளைப்பாரு. பக்கத்துல நின்ன வெள்ளைக்காரர்கிட்ட ‘ரெட் குட்?’னு கேட்டேன். ‘குட், வெரி குட்’னு தொப்பியக் கழட்டி ஆட்டுனாருங்க.” சிவப்புத் தொப்பிக்காரரின் படம் எந்தப் பத்திரிகையிலும் இருக்காது. பத்திரிகைப் படங்களெல்லாம் கறுப்பு வெள்ளை. ஆனால் மாமா சொன்ன காரணம் வேறு. “போட்டோ எடுக்க உடமாட்டாருங்க. கூச்ச சுபாவம்.”

அவரை முதலாவதாக வைத்ததற்குக் காரணமான ஓட்டத்தை நாங்கள் எல்லோரும் மனப்பாடமாக அறிவோம். நல்ல மழை. டீ குடிக்க விட்ட இடைவேளை முடிந்து முதல் ஓட்டம். சிவப்புத் தொப்பி முன்னால் போகிறது. கடைசிச் சுற்றில் பாதி வழியில் அவருடைய இஞ்சின் நின்றுவிட்டது. இரண்டு பேர் தாண்டிப் போய்விட்டார்கள். நான்காவது ஆள் ஏற்கெனவே விழுந்து வெளியேறியிருந்தான். மூன்றாவதாக எல்லையைத் தொட்டால் ஒரு பாயிண்ட் உண்டு. அந்த ஒரு பாயிண்டுக்காக அவர் கீழே இறங்கி, செத்த வண்டியை ஈரச் சாம்பலில் அரைச் சுற்று தள்ளிக்கொண்டே வந்தார். ஒரு கால் நொண்டியது. “ஜெயிச்சவருக்கு ஒருத்தரும் கைதட்டலீங்க. எல்லாரும் இவரைப் பாத்துட்டு நின்னாங்க. மூணாவதா வந்தாருங்க. ஆனா அவருதான் மொதலாவது.” ஜெயித்த நாளைக் காரணமாகச் சொல்லாமல் தோற்ற நாளைச் சொன்னாரே என்று பிற்பாடு நான் யோசித்ததுண்டு.

ஸ்டோர் கிளார்க்குக்கு இந்தக் கதையில் நம்பிக்கை இல்லை. கேண்டீனில் எல்லோர் எதிரிலும் சொன்னார்: “ரேசும் இல்லை, ஒண்ணும் இல்லை. எட்டு மாசம் ஷெட்டுக்குள்ள மிஷின் தொடைச்சுட்டு வந்த ஆளு. கதை கட்டறாருங்க.” மாமா எழுந்தார். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தார். ஆனால் அது உள்ளே இறங்கிவிட்டது. அதன் பிறகு கேண்டீனுக்கு அவர் போகவில்லை, வீட்டிலிருந்து பிளாஸ்கில் டீ கொண்டுபோனார்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்த வருஷம் துரைசானியிடமிருந்து ஒரு பத்திரிகைத் துண்டு வந்தது. கப்பல் தபால், ஆடி அசைந்து வந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு மாமா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“ஏழாவது ஆளுகிட்ட எதுக்குங்க மாமா வந்தீங்க?”

“மத்த ஆறு பேர்ல நாலு பேரு சிரிச்சுப்போட்டாங்க அம்மணி. மிச்சத்துல ஒருத்தரு ஸ்டோர் கிளார்க். இன்னொருத்தரு வாட்ச்மேன்.”

பொய் சொல்லவே தெரியாத மனிதரிடம் கோபித்துக்கொள்வது எவ்வளவு கஷ்டம்! வாங்கிப் படித்தேன். அந்த ஊர்ச் செய்தித்தாள் வாசகர்களைக் கேட்டிருந்தது: இதுவரை தோன்றிய பிரிட்டிஷ் ஸ்பீட்வே வீரர்களில் தலைசிறந்த ஐவரை வரிசைப்படுத்தி, காரணத்தோடு எழுதி அனுப்புங்கள். சிறந்த கடிதங்கள் எழுதியவர் பெயரோடு வெளியாகும். ஒரே நிபந்தனை, ஐவரும் பிரிட்டிஷ்காரர்களாக இருக்க வேண்டும். வேறு நாட்டார் ஒருவர் இருந்தாலும் பட்டியல் ஏற்கப்படாது. கெடு முடிய மூன்று வாரம் இருந்தது, விமானத் தபாலில் போட்டால் போய்ச் சேரும்.

“அச்சுல வருமா?” என்று இரண்டு தடவை கேட்டார்.

“வருமுங்க.”

“நம்ம பேரு போட்டு?”

“ஆமாங்க.”

“வந்துச்சுன்னா கேண்டீன்ல ஒட்டிப்போடலாம்.”

எனக்கும் ஆசை வந்துவிட்டது. என் இங்கிலீஷ் இங்கிலாந்தில் அச்சாகும்! அன்றே பேனாவும் நோட்டுமாக உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே முட்டிக்கொண்டது.

“சிவப்புத் தொப்பிக்காரரு பேரென்னங்க மாமா?”

“அவருக்குப் பேரெல்லாம் வேணுமா? சிவப்புத் தொப்பின்னா மான்செஸ்டருக்கே தெரியும்.”

அச்சில் வர வேண்டுமானால் பெயர் வேண்டும் என்றேன். அவர் வீட்டுக்குப் போய், அத்தையின் கூறைப்புடவைக்கு அடியிலிருந்து ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்துவந்தார். மைதானத்தில் விற்கிற நிகழ்ச்சி நிரல். நனைந்து உலர்ந்து அட்டை நெளிந்திருந்தது. அந்த மழை நாளுடையதுதான்.

உள்ளே ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு கட்டம். கட்டத்தில் நாலு வரி. வரியின் தொடக்கத்தில் நிறத்தின் முதல் எழுத்து, பக்கத்தில் பெயர். முதல் ஓட்டத்தில் சிவப்புக்கு நேரே ஒரு பெயர் இருந்தது. கிடைத்துவிட்டது என்று குறித்துக்கொண்டேன். இரண்டாவது ஓட்டத்தில் சிவப்புக்கு நேரே வேறொரு பெயர். மூன்றாவதில் இன்னொரு பெயர். அச்சுப்பிழையோ என்று அட்டைக்குத் திரும்பினேன். அடியில் சிறிய எழுத்தில் விளக்கம் இருந்தது: உள்ளூர் அணியின் இருவர் சிவப்பும் நீலமும், வெளியூர் அணியின் இருவர் வெள்ளையும் மஞ்சளும் அணிவார்கள். தொப்பி என்பது ஓட்டத்துக்கு ஓட்டம் மாற்றி மாட்டும் துணி உறை.

சிவப்புத் தொப்பிக்காரர் என்று ஒரு மனிதரே கிடையாது.

“கெடைச்சுதா அம்மணி?” என்று எதிரே உட்கார்ந்து கேட்டார்.

“எழுத்துப் பொடிசா இருக்குதுங்க. ஊட்டுல வெச்சுப் படிச்சுட்டுச் சொல்றேன்” என்றேன்.

இரண்டு நாள் அந்தப் புத்தகத்தைக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். சொல்லாமல் எழுதி அனுப்பினால் இங்கிலாந்தே சிரிக்கும். ஸ்டோர் கிளார்க் சொன்னது உண்மை என்றாகிவிடும். கடிதம் எழுதியவள் என்று என்னையும் சேர்த்துச் சிரிப்பார்கள். அதை என்னால் தாங்க முடியாது. மூன்றாம் நாள் சொல்லிவிட்டேன்.

அவர் முதலில் நம்பவில்லை. புத்தகத்தை வாங்கி, சிவப்பைக் குறிக்கும் எழுத்தைத் தானே கண்டுபிடித்தார். அது அவருக்குத் தெரிந்த எழுத்து, ரிங் ஃபிரேம் மிஷின் மேல் இருப்பது. ஒவ்வொரு கட்டத்திலும் அந்த எழுத்துக்குப் பக்கத்தில் இருந்த பெயரின் நீளத்தை அந்தப் பாதி விரலால் அளந்தார். ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்று நடுத்தரம்.

“அப்ப ஒருத்தரு இல்லீங்களா?”

“இந்த ஒரு சாயங்காலத்துக்கு மட்டும் அஞ்சு பேருங்க மாமா.”

“அஞ்சு பேரு,” என்றார். புத்தகத்தை என்னிடமே விட்டுவிட்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் பயங்கரம். அவர் வரிசை போடுவதை நிறுத்திவிட்டார். இரண்டு பேரிங்கைக் காட்டி எது நல்லது என்று மேஸ்திரி கேட்டாராம், ரெண்டும் நல்லதுதானுங்க என்று சொல்லிவிட்டாராம். மேஸ்திரி பயந்துபோய் இரண்டையுமே ஸ்டோருக்குத் திருப்பிவிட்டார். அப்பா இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அத்தை வந்தாள். அதற்கு முன் அவள் கண் கலங்கி நான் பார்த்ததே இல்லை.

“கண்ணு, நேத்து ரசத்துல உப்புப் போட மறந்துட்டேன். எப்படிங்க இருக்குதுன்னு கேட்டேன். ‘நல்லாருக்குது’ன்னு சொல்லிப்போட்டாரு. கதவுல இருந்ததையும் ஈரத்துணி போட்டு அழிச்சுப்போட்டாரு.”

“நான் இருக்கறதத்தான அத்தை சொன்னேன்.”

“நீ சொன்னது தப்புன்னு ஆரு சொன்னா? தப்பாப் படிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிரு கண்ணு. அந்தக் கெரகம் புடிச்ச பொஸ்தகத்தை நான் அடுப்புல போட்டுடறேன்.”

தப்பாகப் படித்துவிட்டேன் என்று நான் சொல்வதா? வாட்ச்மேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்த நான், இந்த மூன்று வருஷமாகத் தப்பில்லாமல் படிப்பதற்காகவே விளக்கு மண்ணெண்ணெயைத் தீர்த்த நான்? முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்ற நிலை என்னை எழுந்து நடக்க வைத்தது.

மாமா வாசல்படியில் உட்கார்ந்து ஒரு திருகாணியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் எதிரில் நின்று, கீழே பார்த்துக்கொண்டு, “மாமா, நான் அன்னிக்குத் தப்பாப் படிச்சுட்டேனுங்க. சிவப்பு ஒருத்தருதான்” என்றேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கசப்பான ஒன்றை நான் விழுங்கியதில்லை.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“அம்மணி, இந்த லைன்ல பொய் சொல்றதுல நீதான் கடைசி.”

உள்ளேயிருந்து அத்தை ஓவென்று அழுதாள். சிரித்தாள் என்றும் சொல்லலாம்.

“பொஸ்தகத்தை எடு,” என்றார். “அஞ்சு பேரோ அம்பது பேரோ இருந்துட்டுப் போகட்டும். டீ குடிச்சுட்டு வந்து மொத ஓட்டம். வண்டியத் தள்ளிட்டு வந்தாரே, அது ஒருத்தருதான? அவரு யாரு?”

இது எனக்குத் தோன்றவே இல்லை. ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்துவந்தேன். இடைவேளை என்று அச்சிட்ட கோட்டுக்குக் கீழே முதல் கட்டம். சிவப்புக்கு நேரே ஒரு பெயர். வாசித்தேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். அவரும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பத்து வருஷத்துக்கு மேலாகத் தெரிந்தவருக்கு அன்றைக்குத்தான் பெயர் கிடைத்தது.

நீலமும் வெள்ளையும் அதே துணி உறைதான் என்பதால் பாதிரியார் இரண்டாவது இடத்துக்கும் பல்லுக்காரர் மூன்றாவது இடத்துக்கும் ஏறினார்கள், அவர்கள் பெயர் பத்திரிகைப் படத்துக்குக் கீழேயே இருந்தது. நாலும் ஐந்தும் அந்தப் புத்தகத்தில் இருந்தவர்களிலிருந்தே எடுத்தோம். யார் எத்தனை தடவை எலும்பு முறித்துக்கொண்டார்கள் என்று வீரர்களைப் பற்றிய பக்கத்திலிருந்து நான் படிக்கப் படிக்க, அவர் மேலே கீழே ஏற்றி இறக்கினார். அந்தப் பக்கத்தில்தான் முதலாவது ஆளைப் பற்றியும் நாலு வரி இருந்தது. படித்தேன். நிறுத்தினேன்.

“என்ன அம்மணி?”

“இவரு ஆஸ்திரேலியாக்காரருங்க மாமா. ஆட்டுப்பண்ணையில பொறந்தவரு. சீசனுக்கு மட்டும் இங்கிலாந்து வருவாராம்.”

அவர் திருகாணியைக் கீழே வைத்தார்.

“ஆஸ்திரேலியாவுக்கும் அதே ராணிதான?”

“அதனால பிரிட்டிஷ் ஆயிர முடியுங்களா?”

“ஏன் ஆகாது? நான் பொறந்தப்ப எங்கூரு சூலூர்கூடத்தான் பிரிட்டிஷ்.”

“சட்டப்படி ஒத்துக்க மாட்டாங்க. ஒருத்தரு வெளிநாடுன்னாலும் பட்டியலே செல்லாது. அச்சுல வராது.”

“இவரை எடுத்துட்டுப் பாதிரியாரை மேல ஏத்துனா?”

“வந்தாலும் வருமுங்க.”

“பாதிரியாரு நல்லவருதான்,” என்றார். பிறகு, “ஆனா அவரு தள்ளல” என்றார். எழுந்தார். தெருக்கோடியில் ஸ்டோர் கிளார்க் வீட்டு விளக்கு எரிவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “நாளைக்குக் காலைல சொல்றேன் அம்மணி.”

அவர் அந்த விளக்கைப் பார்த்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. வரிசை போடும்போது அவர் அப்படி யார் வீட்டையும் பார்த்ததில்லை. இப்போது பவானியில் பெண்பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். மதிப்பெண் போடும்போது சில பெற்றோர்கள் வந்து சிரித்தபடி நிற்பார்கள். அந்தத் தெருக்கோடி விளக்கு எனக்கு ஞாபகம் வரும்.

அன்று ராத்திரியே உட்கார்ந்து எழுதினேன். மூன்று தடவை கிழித்து நான்காவது தடவை பிழையில்லாமல் வந்தது. ஒன்றாவது, மழையில் வண்டியைத் தள்ளிவந்தவர். காரணம் அரைப் பக்கம். அவர் எந்த நாடு என்பதையும் மறைக்காமல் எழுதினேன். அடியில் மாமாவின் பெயர். அதற்கடியில், எழுத உதவியது என்று என் பெயர்.

மறுநாள் காலை ஷிஃப்டுக்குப் போகிற வழியில் அவர் எங்கள் வாசலுக்கு வந்தார். கண் சிவந்திருந்தது. கையில் பிளாஸ்க்.

“யோசிச்சேன் அம்மணி. பாதிரியாரையே மொதலாவதாப் போட்டுரு. ஒரே ஒரு தடவை, அச்சுல வந்தாப் போதும். அந்தக் கேண்டீன்ல உக்காந்து ஒரு டீ குடிக்கணும்.”

நான் சைக்கிளைச் சுவரில் சாத்தினேன். ஓட்டிவந்ததில் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

“தபாலாபீஸ் வாசல்ல இருக்கற பெட்டியில போட்டுட்டு இப்பத்தானுங்க மாமா வாரேன். மொதல் தபாலும் எடுத்துட்டாங்க.”

“யாரை மொதலாவதா எழுதுன?”

“மூணாவதா வந்தவரைத்தானுங்க.”